கத்திக்காரர் மூக்கு

கடைத்தெருவில் அவரைப் 'பஞ்சுக்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னத்தில் கத்தி போனதே தெரியாமல் சவரம் செய்கிற கை. அந்தக் கைக்கு எதிரியாக வந்து வாய்த்தது அவருடைய மூக்கேதான். மரங்கள் பூக்கத் தொடங்கினால் போச்சு. கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், தும்மல் வரிசை கட்டி வரும். நமக்கெல்லாம் தும்மல் வந்தால் கைக்குட்டை நனையும், அவ்வளவுதான். இவருக்கு அப்படியா? கையில் கத்தி, கத்திக்குக் கீழே அடுத்தவர் கழுத்து.

இந்த வருடம் அது நடந்தேவிட்டது. போஸ்ட் மாஸ்டருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது தும்மல் முட்டியது. பெரிய மனிதர் முகத்துக்கு மேலே தும்முவதா என்று மூச்சைப் பிடித்து அதை விழுங்கப் பார்த்தார். உடம்பே குலுங்கிவிட்டது. காதுக்குக் கீழே மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. துடைத்துக்கொண்டு போனவர் அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடையில் பாதிப் பங்கு மனைவியின் தம்பிக்கு. அன்றைக்கே அவன் அந்தக் கத்தியை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டான். பூவெல்லாம் உதிரட்டும், அதுவரை மாமா முடி மட்டும் வெட்டட்டும் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். இவருக்கோ பயம். பூ உதிர்ந்த பிறகும் கத்தி திரும்பி வராவிட்டால்?

வீட்டில் செய்யாத வைத்தியம் பாக்கியில்லை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவினார். மனைவி காலையிலேயே சன்னல்களைச் சாத்தினாள். தலைக்குக் குளித்து உடை மாற்றாமல் அவரைப் படுக்கைப் பக்கம் அண்டவிடவில்லை. தலையணை உறைகள் வெந்நீரில் ஊறின. பக்கத்து வீட்டுக்காரர் தேன் சாப்பிடச் சொன்னார். தேன் தீர்ந்தது, தும்மல் தீரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் இருக்கும்போது மூக்கு சாதுவாகத்தான் இருந்தது. கடைக்குள் கால் வைத்தால் ஆரம்பித்துவிடும். பயம்தான் தும்மலாக வருகிறதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பயத்துக்கு எந்தத் தண்ணீரில் உப்புப் போடுவது?

ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் மடித்திருந்த துண்டை எடுத்து, எல்லா முடிதிருத்துபவர்களையும்போல, படீரென்று ஒரு உதறு உதறினார். வெயிலில் மஞ்சள் தூள் மிதந்தது. அடுத்த நொடி தும்மினார். அவள் துண்டை வாங்கித் தன் கறுப்புப் பையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் எங்க காயப்போடறீங்க?"

பின்பக்கம், மரத்தடிக் கொடியில். நல்ல வெயில் பட்டால் சுத்தம் என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வார்.

"பூத்தூளையெல்லாம் துண்டுல சேத்துவச்சு நாள் முழுக்க மூக்குக்கு நேரா உதறிட்டு இருக்கீங்க. நான் அங்க உப்புத்தண்ணி காய்ச்சிட்டு இருக்கேன்," என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து துண்டுகள் உள்ளேயே காய்ந்தன. உதறுவதும் நின்றது. தும்மல் குறைந்தது, ஆனால் முழுசாக விட்டுவிடவில்லை. இருந்தும் துணிந்து கத்தியைக் கேட்டார். மச்சான் இவர் மூக்கை ஒருமுறை பார்த்தான். பிறகு இழுப்பறையைத் திறந்து கத்தியைக் கொடுத்துவிட்டு, தானே நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்திக்கொண்டான். நாற்காலியின் கைப்பிடியை அவன் இறுகப் பிடித்திருந்ததை இவர் பார்த்தார்.

நுரை போட்டு, ஒரு கன்னம் முடிந்து, தாடைக்குக் கீழே போகும்போது மூக்கு நமநமத்தது. பழக்கம் மூச்சை அடக்கச் சொன்னது. அவர் அடக்கவில்லை. கத்தியை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இரு. தும்மல் வருது."

"வரட்டும் மாமா. நான் எங்கயும் போகல," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

சுவர்ப்பக்கம் திரும்பி ஆசை தீரத் தும்மினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து மீதியை முடித்தார். மச்சான் கழுத்தைத் தடவிப் பார்த்தான், கண்ணாடியில் பார்த்தான். பிறகு எழுந்து போய், பெஞ்சில் காத்திருந்தவரைப் பார்த்துச் சொன்னான்: "சவரமா? மாமாகிட்ட உட்காருங்க."