நூலைக் கவ்விய வாய்

2008-இல் ஆம்பூரின் தொழிலாளர் தெருக்களில் எப்சியைத் தெரியாத தாய்மார்கள் குறைவு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, குழந்தை வளர்ப்பைப் பற்றி வீடு வீடாகப் போய்ப் பேசும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். செவ்வாய்தோறும் பதினொரு மணிக்குத் தாய்மார்களின் செல்போனுக்கு நிறுவனத்தின் பதிவுக்குரல் வரும். வியாழனன்று எப்சி நேரில் போவாள்.

மோகனா வீடுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது. மோகனா வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பவள். மகன் கோபிக்கு இரண்டரை வயது. ஒரு வார்த்தை வரவில்லை. வேலூரில் காதைச் சோதித்தாயிற்று, குறை எதுவும் இல்லை.

"போன்ல இன்னா சொன்னாங்க, கேட்டியா?"

"வேலை செய்யும்போதே கொழந்தைகிட்ட பேசுங்கன்னாங்க. பேசிட்டுத்தான்க்கா இருக்கேன். தெருவுல இவன ஊமைன்றாங்க."

எப்சி குழந்தைக்குக் காட்டக் கொண்டுவந்த படங்களைப் பைக்குள் வைத்தாள். "நீ தையி. நான் சும்மா ஒக்காந்திருக்கேன்."

"சும்மா ஒக்கார்றதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?"

மோகனா நூலின் ஒரு முனையை உதட்டால் கவ்விக்கொண்டு தைக்கத் தொடங்கினாள். கோபி தண்ணீர்ப் பானையருகே நின்று, "ம்-ம்?" என்றான். அவள் உதடு பிரிக்காமல், "ம்ம்-ம்" என்று டம்ளரைக் காட்டினாள். கோழி உள்ளே வந்தது. அவன் நீளமாக, "ம்ம்ம்" என்றான். அவளும் அதே நீளத்தில் பதில் தந்தாள். எப்சி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். இருபது நிமிஷத்தில் பதினொரு பேச்சு. ஒன்றிலும் வாய் திறக்கவில்லை.

"மோகனா, அவன் ஊமையில்ல. உன்ன மாதிரியே பேசறான்."

மோகனாவின் ஊசி நின்றது. "பேசறேன்னுதான்க்கா நெனச்சிட்டு இருந்தேன். நூல விட்டா தையல் லூசாப் போய்டுமே."

நூல் முனையை ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. கடைசியில் கால் கட்டைவிரலில் சுற்றினார்கள். முதல் ஜோடி கோணிப்போனது. மோகனா முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைத்தாள்.

எப்சி இதைச் சொன்னபோது அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி நத்தானியேல் சார், "வாயில நூலா?" என்று இருமுறை கேட்டார். அடுத்த செவ்வாய்க் குரலில் ஒரு வரி கூடியது: தைக்கும் தாய்மார்களே, நூலைக் காலில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வியாழன், கோபி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "தண்ணியாடா?" என்று கேட்டதும் அவள் உதட்டில் விரலை வைத்தான். பிறகு தன் உதட்டைப் பிரித்தான்.

"ண்ணி."

மோகனா தோலைக் கீழே வைத்துவிட்டாள். எப்சி நோட்டில் 'பேசினான்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'ஒரு சொல். முதல் எழுத்து இல்லை' என்று திருத்தினாள்.

"அது எப்பக்கா வரும்?"

"தெரியல மோகனா. தண்ணியக் குடுத்துட்டு, இன்னொரு வாட்டி கேளு."