பிரேக் மிதித்த பிற்பகல்

கல்யாணமாகி எட்டு மாதத்தில் என் கணவர் என்னோடு பேசியதையெல்லாம் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். முகவரிக்கும் இடம் மிஞ்சும். கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, ஏசியதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையைத் தள்ளி வைப்பார். கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்கு ஏறும் பாதையோரத்தில் அவருடைய கார் திருத்தும் கராஜ். அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல எங்கள் வீடு. அவரைப் பெற்ற மாமாவும் மாமியும் எப்போதோ மவுத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும்தான். பகலெல்லாம் அவர் தன் இரண்டு வேலையாட்களோடு சிரித்துக் கதைப்பது சுவர் தாண்டிக் கேட்கும். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் தந்தால் என்ன குறைந்துவிடும் என்று எரிச்சலாக வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பிலிமத்தலாவையிலிருந்து என் மூத்த சகோதரர், நானா, கடிதம் போட்டிருந்தார். எங்களைப் பெற்ற உம்மாவுக்கு மூச்சிழுப்புக் கூடிவிட்டது, உன்னையே கேட்கிறார், சுணங்காமல் வா என்று. ஏழெட்டு மைல்தான். ஆனால் எங்கள் முஸ்லிம் பெண்கள் அன்று பஸ்ஸில் ஆண்களோடு நெருக்குப்பட்டுப் போவதில்லை. கணவரின் பழைய அமெரிக்கக் காரில், பின் கண்ணாடிகளுக்குத் திரை போட்டுத்தான் போக வேண்டும். "சித்திரை வருசத்துக்குக் கராஜைப் பூட்டினதும், ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறன்" என்றார். அதுவரை அவர் என்னிடம் பேசியதில் மிக நீளமான வாக்கியம் அதுதான்.

வெள்ளிக்கிழமை காரின் பிரேக் அடிவரை இறங்கிவிட்டது. அப்போது கண்டியில் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பி இழுக்கும் பிரேக். இவருடையதற்கு எண்ணெய்ப் பிரேக். மிதித்தால் குழாயில் உள்ள எண்ணெய் தள்ளி நான்கு சில்லுகளையும் பிடித்து நிறுத்தும். அந்த எண்ணெய் எங்கோ ஒழுகுகிறது. நான்கு சில்லுகளுக்கும் கீழே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து வைத்தார். சனிக்கிழமை காலையில் மூன்று தாள்கள் காய்ந்திருந்தன. பின்பக்க வலது சில்லின் கீழ் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். சில்லைக் கழற்றி, அதன் உள்ளே பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம்மை இழுத்து எடுத்தபோது, எண்ணெயை அடைத்து நிற்கவேண்டிய ரப்பர் மூடி வெடித்துப்போயிருந்தது. மாற்று ரப்பர் கைவசம் இருந்தது, பொருத்திவிட்டார்.

இனிக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மேலே இருந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் கீழே படுத்துச் சில்லருகே உள்ள சின்னத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். காற்றோடு கொஞ்சம் எண்ணெயும் கீழே வைத்த தகரத்தில் வடியும். வேலையாட்களோ சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பிற்பகலில், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார். "கொஞ்சம் வா. மிதிக்க ஆளில்ல."

தெருவில் போகிறவர்கள் என்னைக் காணக் கூடாதென்று கராஜின் பெரிய கதவுகளைச் சாத்தினார். உள்ளே நன்றாக இருட்டிவிட்டது, பெட்ரோல் இருக்குமிடமென்று விளக்கும் ஏற்றவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். எண்ணெய்ப் பாத்திரம் காலடிப் பலகைக்குக் கீழே இருந்தது, அந்த இடத்துப் பலகைத் துண்டைக் கழற்றி வைத்திருந்தார். அது குறையும்போது போத்தலிலிருந்து ஊற்றுவதும் என் வேலை.

"போத்தல் முடியப்போனா சொல்லு. பாத்திரம் வத்தினா திரும்பக் காத்துப் பூந்துரும்" என்று சொல்லிவிட்டுக் காருக்கடியில் போனார்.

"மிதி."

மிதித்தேன்.

"புடிச்சிக்க. ஆ, இப்ப உடு. எப்படி இரிக்கி?"

"மெத்தெண்டு இரிக்கி."

அவர் கேட்டது பிரேக்கைப் பற்றித்தான். அது தெரியாத மடைச்சி இல்லை நான். ஆனாலும் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் சந்தோஷமாக இருந்தது. மிதிப்புகளுக்கு நடுவில் வேறு கதையும் வந்தது. முகம் தெரியாத இருட்டு அவருக்கு வசதியாக இருந்ததோ என்னவோ. கொழும்பில் வேலை பழகியபோது பின்னேரங்களில் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் பார்த்துக்கொண்டு நிற்பாராம். என்னுடைய பருப்பில் உப்புக் கொஞ்சம் கூடவாம். எட்டு மாதமாக அதைச் சொல்லாமலே சாப்பிட்டிருக்கிறார் மனுஷன்.

கப்பல் கதையின் நடுவிலேயே பிரேக் என் காலுக்கடியில் கல்லாக நின்றுவிட்டது. காற்றெல்லாம் போய்விட்டது, வேலை முடிந்தது. "எப்படி இரிக்கி?" என்றார். சொன்னால் எழும்பிக் கை கழுவப் போய்விடுவார். நான் குசினிக்குத் திரும்ப வேண்டும்.

"இன்னம் மெத்தெண்டுதான் இரிக்கி" என்றேன்.

தகரத்தில் வடிகிற எண்ணெயில் காற்றுக் குமிழ் வருகிறதா என்று அந்த இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. என் வாக்கைத்தான் நம்பினார். போத்தல் முடிந்தது. அதையும் நான் சொல்லவில்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று மிதித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கால் பலகைவரை இறங்கியது. நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

அவர் வெளியே வந்து கதவை ஒரு சாண் திறந்தார். வெறும் போத்தலைப் பார்த்தார், வற்றிய பாத்திரத்தைப் பார்த்தார்.

"பிரேக் கல்லாகவே இல்லையா?"

"ஆச்சு."

"எப்ப?"

"நீங்க கப்பல் கத சொல்லக்குள்ள."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க போயிருவீங்க."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். தகரத்தில் வடிந்தது அழுக்கு எண்ணெய், திரும்ப ஊற்ற முடியாது. "இந்த எண்ணெய் கொழும்புலதான். வருசம் முடிஞ்சி கடை தொறக்க அடுத்த கிழமையாகும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பயணம் நின்றுபோனது. அடுத்த வாரம்தான் எண்ணெய் வந்தது, வேலையாட்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவன் பிரேக் மிதித்தான். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிலிமத்தலாவைக்குப் போனோம். உம்மா உயிரோடுதான் இருந்தார். பேச்சு மட்டும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார். காதை வாயருகே வைத்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நானாவின் மனைவி தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னார்: "போன ஞாயித்துக்கெழம கூட நல்லாக் கதச்சாங்க. றோட்டுல கார்ச் சத்தம் கேட்டா, புள்ள வந்துட்டாளா பாரு எண்டு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. புதன்கெழமயிலிருந்துதான் இப்படி."

என் கணவர் வாசலில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அவராகவே பேசத் தொடங்கினார். பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது என்றார். மழை பிடிக்கும் போல இருக்கிறது என்றார். கண்டி வரும்வரை விடாமல் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். பின் இருக்கையில் திரைக்குள் இருந்த நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.