பாணுக்குள் வந்த கைக்கடிகாரம்

பத்து வருடங்களுக்கு முன் நான் எழுதி அச்சிட்ட எங்கள் குடும்ப வரலாற்றின் முப்பத்தோராம் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. "அப்பாவின் கைக்கடிகாரம் மெஜிக் ஷோ ஒன்றில் மாறிப்போனதாக மூத்த அண்ணன் கூறுவார். அவர் சொல்லும் நாள் பொருந்தவில்லை. ஆகவே அவர் அதை விற்றுவிட்டார் என்ற அப்பாவின் முடிவையே ஏற்க வேண்டியிருக்கிறது." புத்தகத்தை உறவினர் எல்லோருக்கும் நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அண்ணனுக்கும் கொடுத்தேன்.

அண்ணனின் கதை இதுதான். அவருக்கு அப்போது பதினாறு வயது, கண்டியில் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. நேரம் பார்த்து எழுதட்டும் என்று அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டார். அப்பாவுக்கு வேலை ஹந்தானை மலைத் தேயிலைத் தொழிற்சாலையில். அரைத்த கொழுந்து புளிக்க எத்தனை நிமிடம் கிடக்கிறது என்று பார்க்க அந்தக் கடிகாரம் அவருக்குத் தினமும் வேண்டும். பரீட்சை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு வராமல், டவுனில் நடந்த மெஜிக் ஷோவுக்குப் போனார். மெஜிக்காரர் அவரையும் இன்னொரு பையனையும் மேடைக்குக் கூப்பிட்டு, இருவரின் கடிகாரங்களையும் வாங்கி உரலில் போட்டு இடித்தார். பிறகு இரண்டு பாண் ரொட்டிகளை வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் ஒரு கடிகாரத்தை எடுத்துக் கட்டிவிட்டார். அண்ணன் மலையேறி வீட்டுக்கு வந்து கையை நீட்டியபோது அப்பா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார், இது என்னுடையது அல்ல என்று. நல்லதை விற்றுவிட்டு மலிவானதை வாங்கிக் கட்டியிருக்கிறான் என்பது அப்பாவின் தீர்ப்பு. அந்த மாதமே அண்ணனின் படிப்பு நின்றது. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த வருடம் நான் இரண்டாம் பதிப்புக்கு ஆயத்தமானேன். முதற்பதிப்பில் பிறந்த தேதிகள் நான்கு பிழை, ஒரு சித்தப்பா இரண்டு முறை இறந்திருந்தார். செய்தி அறிந்து அண்ணன் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த மூன்று வரியை எடுத்துவிட வேண்டும். ஆதாரம் இருந்தால் எடுக்கிறேன் என்றேன். நான் அப்படித்தான். அதற்கு அவர், கட்டுகஸ்தோட்டையில் யாரோ மெஜிக் சாமான்களைக் காட்சிக்கு வைத்து ஒரு நூதனசாலை நடத்துகிறார்கள், பஸ்ஸில் போகும்போது போர்டில் படத்தைப் பார்த்தேன், அதே ஆள், அதே தலைப்பாகை, வா போவோம் என்றார். புத்தகம் திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். நாங்கள் போனது அதற்கு முந்திய வியாழக்கிழமை.

ஒன்பதரைக்குத் திறப்பு என்று போர்டு சொன்னது. பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் கதவு திறந்தது. ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். மெஜிக்காரரின் மகள், ஐம்பது வயதிருக்கும் முஸ்லிம் பெண், கீழே கடையையும் மேலே நூதனசாலையையும் தானே பார்த்துக்கொள்கிறார். வருகைப் பதிவேட்டை நீட்டினார். முந்திய பக்கங்களைப் புரட்டினேன். யாருமே வருடம் எழுதவில்லை. "நல்லம்", "சூப்பர்", "5ஆம் தேதி". எந்த மாதத்து ஐந்தாம் தேதி? எதிர்காலத்தில் எவனாவது இதை வைத்து என்ன செய்ய முடியும்? என் வரியில் நாள், மாதம், வருடம், நேரம் நான்கையும் எழுதினேன்.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். பெண்ணை இரண்டாக அறுக்கும் பெட்டி, அடியில்லாத தொப்பி, முடிச்சுப் போட்டாலும் அவிழும் கயிறு, எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் குறிப்பு அட்டைகள்! ஒரு மந்திரக்கோலுக்கு "நூறு வருடம் பழையது" என்று எழுதியிருந்தது. அதன் பிடி பிளாஸ்டிக். ஒரு புகைப்படத்துக்கு "சுதந்திரத்துக்கு முன்" என்று அட்டை, பின்னணியில் தொலைக்காட்சி அன்ரெனா. நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பிழைகளை வரிசையாக எழுதத் தொடங்கினேன். அந்தப் பெண் பொறுமையாக என் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு முறையும் "மாத்திடுவோம் ஐயா" என்றார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

முழங்கால் வலி தாங்காமல் அண்ணன் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். அது மெஜிக் கதிரை. பின்பலகை சட்டென்று கழன்று அவர் மல்லாந்து போனார். நானும் அந்தப் பெண்ணும் தூக்கி நிறுத்தினோம். அதில் உட்காரக் கூடாது என்று அட்டை இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, கதிரைக்கு அடியில்.

"நீ தேதி தேடுறத விட்டுட்டு அந்த ஒரல பாருடா," என்றார் அண்ணன்.

உரல் இருந்தது. வெண்கலம், பக்கத்தில் இரும்பு உலக்கை. இதே உரல்தான் என்றார். உரல் எல்லா மெஜிக்காரரிடமும் இருக்கும், இது ஆதாரம் ஆகாது என்றேன். அண்ணன் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உரலையே பார்த்தார். இப்படி வாயை மூடிக்கொள்வதுதான் எனக்கு எப்போதும் எரிச்சல் மூட்டும். ஒரு மனிதர் தன் பக்கத்தை வாதாடினால் அல்லவா மற்றவர் மறுக்கலாம்?

உரலுக்கு மேலே சுவரில் நோட்டீஸ்கள் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன. எதிலும் வருடம் இல்லை. நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு அடுத்த சனிக்கிழமைக்கு அப்பால் உலகம் கிடையாது. மூன்றாவது நோட்டீஸில் தலைப்பாகை கட்டிய ஆளின் படம். கீழே: "ஞாயிறு மாலை 5 மணி. மாணவர்களே, பரீட்சை முடிந்து நேரே வாருங்கள். சீருடையில் வருவோருக்கு அரைக் கட்டணம். உரலில் இடித்த கைக்கடிகாரம் பாணுக்குள் வரும் அதிசயம் காண்க."

உண்மையைச் சொல்கிறேன். அதைப் படித்ததும் எனக்கு அண்ணன் நினைவு வரவில்லை. இன்னொரு பிழையைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் வந்தது. இது அச்சுப்பிழை, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைப்பார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்துல ஞாயிறு ஸ்கூல்தானே ஐயா," என்றார் அவர். "போயாவுக்குத்தானே லீவு. எங்கட வாப்பா சொல்லுவார், லீவு நாள்ல ஷோ போட்டா புள்ளைகள் வராது, ஊட்டுல புடிச்சி வச்சிக்குவாங்க, ஸ்கூல் உட்ட கையோட புடிக்கணும்னு."

அறுபதுகளின் நடுவில் இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாவின் நான்கு கட்டங்களுக்கும் வரும் போயா நாட்களை வார விடுமுறையாக்கினார்கள். எழுபத்தொன்றில்தான் ஞாயிறு திரும்பி வந்தது. அதுவரை ஞாயிறும் மற்றொரு வேலை நாள். நான் பள்ளிக்கூடம் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. என் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில், சின்னக்காவுக்குப் பெயர் வைத்த விழா ஏன் புதன்கிழமை நடந்தது என்பதை விளக்க, இதே போயா வாரத்தைப் பற்றி ஒரு முழுப் பந்தி எழுதியிருக்கிறேன். அந்தப் பந்தியைப் பற்றிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் தெரிந்தது முப்பத்தோராம் பக்கத்துக்கு வருவதற்குள் மறந்துவிட்டது.

"நாள் பொருந்தலன்னு எழுதினியே, அது இதுதானா?" என்று கேட்டார் அண்ணன்.

ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை இருக்காது என்று நினைத்தேன் என்றேன்.

"என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா. நான் என்னமோ பஞ்சாங்கத்துல ஏதோ தப்புன்னு நெனச்சேன். படிச்சவன் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

பத்து வருடங்களாக விட்டிருக்கிறார். அவர்மேலும் கோபம் வந்தது, என்மேலும் வந்தது. அந்தப் பெண் விஷயம் என்னவென்று கேட்டார். அண்ணன் சுருக்கமாகச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து அன்று பாணுக்குள் வந்த அந்தக் கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். சாவி கொடுத்தால் கால் மணி நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். இருந்தும் எறியாமல் வைத்திருக்கிறார். காட்டுவதற்கென்று அங்கேயே நேரம் வைத்துச் சாவியும் கொடுத்தார்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ஷோ நடந்தது உண்மை, இவர் வந்ததும் உண்மையாயிருக்கலாம், ஆனால் தன் தகப்பன் ஆள் மாற்றிக் கொடுத்தார் என்பதை மட்டும் ஏற்க முடியாது என்றார்.

"வாப்பாட கை ஒரு நாளும் தப்பினதில்ல ஐயா. நானும் அதே கையாலதான் படிச்சேன். ரெண்டு வாட்சையும் தாங்க, காட்டுறேன்."

நான் கொடுக்க விரும்பவில்லை. என்னுடையதும் சாவி கொடுக்கும் பழைய ரகம், வெள்ளை முகம், கறுப்புத் தோல்பட்டி. இருபது வருடங்களாக ஒரு நிமிடம் பிந்தியதில்லை. "குடுடா," என்றார் அண்ணன். கொடுத்தேன். அந்தப் பெண் கீழே இறங்கிப் போய்ப் பக்கத்துப் பேக்கரியில் இரண்டு சீனி பணிஸ் வாங்கி வந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து உரலை எடுத்தார். கைக்குட்டை போட்டார், இடித்தார். சில்லுகளைக் காட்டினார். பிறகு பணிஸ்களைப் பிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கடிகாரத்தை எடுத்து, துடைத்து, எங்கள் கைகளில் அவரே கட்டிவிட்டார். எப்படி என்று கேட்டேன். சிரித்தார். பணிஸைத் தின்னச் சொன்னார். தின்றோம்.

கீழே இறங்கும்போதே நான் முப்பத்தோராம் பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன், மனதுக்குள். "அண்ணன் கூறும் நாள் பொருந்துகிறது. எனினும் கடிகாரம் மாறியதற்கு வேறு ஆதாரம் கிடைக்கவில்லை." இதுதான் நேர்மையான வாக்கியம். கேட்டால் அண்ணன் முகம் எப்படியாகும் என்பதும் தெரியும். பாதி நிரூபணம். இதற்காகவா ஒரு காலையைச் செலவழித்தோம் என்று எரிச்சலாக இருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று கண்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஒன்று நிற்காமல் போனது. இன்னொன்றில் கால் வைக்க இடமில்லை.

"மணி என்ன?" என்றார் அண்ணன்.

பார்த்தேன். பதினொன்று ஐந்து. அது முடியாது. நாங்கள் நூதனசாலையை விட்டுப் புறப்பட்டதே பதினொன்றுக்குப் பிறகு, அதற்கப்புறம் இரண்டு பஸ் போயாகிவிட்டது. காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லை. அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வெள்ளைதான், பட்டியும் கறுப்புதான். ஆனால் என்னுடையதில் எண்கள் மெல்லியவை. இதில் தடித்தவை.

அண்ணன் தன் கையை நீட்டினார். என் கடிகாரம் அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று இருபத்தாறு.

"கட்டிவிட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு," என்றார். "நீ எப்பப் பாக்கிறேன்னு பாத்துக்கிட்டு வந்தேன்."

இருபது வருடம் கட்டிய கடிகாரம். வருடமில்லாத நோட்டீஸையும் பிளாஸ்டிக் பிடியையும் கண்டுபிடித்த கண். ஆனால் ஒரு பெண் என் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டபோது நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கைதட்டு இல்லாமலே நீ பாக்கலியே. எனக்கு அன்னைக்கு மண்டபமே கைதட்டுச்சுடா," என்றார்.

உடனே திரும்பிப் போவோம் என்றேன். தகப்பன் கை தப்பாது என்றவரின் கையே தப்பிவிட்டது, இதை அவரே ஒப்புக்கொண்டால் என் பக்கத்துக்கு முழு ஆதாரம். நேரத்தையும் அவர் வாயால் சொல்ல வைத்து எழுதிக்கொள்ளலாம். நான் திரும்பி நடக்கவும் தொடங்கிவிட்டேன். அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

"வேணாம். அந்தப் புள்ள அவ அப்பாவப் பத்தி அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுவிடுவதா என்று கேட்டேன். உனக்குத் தெரிஞ்சிருச்சில்ல, அது போதும் என்றார். தெரிந்தது போதாது, எழுத வேண்டும் என்றேன். எழுது, ஆனால் அந்தப் பெண்ணின் பெயரையும் கடைப் பெயரையும் போடாதே என்றார். பெயர் இல்லாத சான்றை வைத்துக்கொண்டு ஒரு வரலாற்றுக்காரன் என்ன செய்வான்? அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிய பிறகு என் கடிகாரத்தைக் கழற்றித் தந்தார். அவருடையதை வாங்கிச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்த பிரதியில் முப்பத்தோராம் பக்கத்தின் மூன்று வரிகள் ஒரு வரியாகியிருக்கின்றன. "அப்பாவின் கைக்கடிகாரம் கண்டியில் ஒரு ஞாயிறு மாலை, மெஜிக் ஷோவில் மாறிப்போனது, அண்ணன் அதை விற்கவில்லை." சான்று எதுவும் குறிப்பிடவில்லை. முழுப் புத்தகத்திலும் அடிக்குறிப்பு இல்லாத வாக்கியம் அது ஒன்றுதான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கை பேனாவைத் தேடுகிறது.