சிபாரிசுக்கு அலைந்த கோடை

அமெரிக்காவில் உயிரியல் பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு நான் டோர்ட்மண்டுக்குத் திரும்பி வந்த அன்று, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே அப்பா காரில் இருந்தபடி சிநேகிதர்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை வந்திட்டா. ஒரு வருசம் இஞ்ச நிண்டு, திரும்பிப் போய் டொக்டருக்குப் படிக்கப் போறா."

"என்ன டொக்டர் அண்ணை?" என்றது ஸ்பீக்கர்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒஸ்டியோபதி" என்றேன்.

"ஒஸ்டியோபதி" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். ஸ்பீக்கர் திருப்பிக் கேட்டது:

"அப்ப, பிள்ளை நாரி பிடிக்கவே அமெரிக்கா போறா? அதுக்கு எங்கட தெருவிலயே ஒருத்தன் இருக்கிறானே."

அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகள் இரண்டு வகை. ஒஸ்டியோபதிக் கல்லூரியில் படித்தவர்களும் முழு மருத்துவர்கள்தான். மருந்து எழுதுவார்கள், சத்திரசிகிச்சை செய்வார்கள். அதற்கு மேலாக எலும்பையும் தசையையும் கையால் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்யவும் படித்திருப்பார்கள். ஜெர்மனியிலோ ஒஸ்டியோபாத் என்றால் கழுத்தையும் முதுகையும் நாரியையும் பிடித்துவிடுகிறவர். அவர்களில் பெரும்பாலானோர் மருத்துவர்கள் இல்லை. இந்த வித்தியாசத்தை அந்த வருடம் நான் எத்தனை பேருக்கு விளக்கினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும் கோயில் மண்டபத்திலும் அன்ரிமார் என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பிக் காட்டினார்கள்.

"பிள்ளை, இதில ஒருக்கா அமத்திப் பாரன்."

"அன்ரி, நான் இன்னும் படிக்கத் தொடங்கேல்லை."

"அதுக்கென்ன, என்னில பழகு."

கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சிபாரிசுக் கடிதங்கள் தேவை. அமெரிக்காவில் எனக்குப் படிப்பித்த பேராசிரியர்கள் இருவர் உடனேயே எழுதி அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தது, என் வேலையை நேரில் பார்த்த ஒரு மருத்துவரின் கடிதம். அதற்காகத்தான் எங்கள் ட்ராம் பாதையின் கடைசித் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன்.

அந்த டொக்டருக்கு அறுபது வயதுக்கு அண்மையில் இருக்கும். உயரமான பெண். மழையென்றாலும் பனியென்றாலும் சைக்கிளில்தான் வருவார். சில நாட்களில் முதல் நோயாளியைத் தலைக்கவசத்தோடேயே பார்ப்பார். "டொக்டர், நான் செத்துக்கொண்டிருக்கிறேன்" என்று வருபவர்களிடம், "இன்றைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு இரத்த அழுத்தத்தை அளப்பார். அவருடைய பாராட்டுகளும் அந்த அளவில்தான் இருக்கும். நரம்பே தெரியாத ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியின் கையில் நான் முதல் தடவையிலேயே சரியாக இரத்தம் எடுத்தபோது, எட்டிப் பார்த்து "பரவாயில்லை" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன்.

வாசலில் வரவேற்பு மேசை. அதன் பின்னால் தலைமுடிக்குச் செம்பு நிறம் பூசிய ஒரு பெண்மணி. கிளினிக்கின் உண்மையான அதிபதி அவர்தான். டெர்மின் எடுக்காமல், முன்கூட்டியே நேரம் குறிக்காமல் வந்தவர்கள் அவருடைய ஒரு பார்வையிலேயே பாதி குணமாகித் திரும்பிப் போய்விடுவார்கள்.

கடிதம் கேட்பதற்கு நான் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி எடுத்தேன். பிறகு ஒரு மத்தியான இடைவேளையில் டொக்டரின் அறைக்குள் போனேன்.

"எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும்."

"வேலையை விடுகிறீர்களா?"

"இல்லை. ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்கள் கெட்டிக்காரி. ஏன் மருத்துவம் படிக்கக்கூடாது?"

"அது மருத்துவம்தான்."

"இல்லை."

நான் விளக்கினேன். கையை ஆட்டி, படம் கீறி, அமெரிக்காவின் இரண்டு வகைக் கல்லூரிகளையும் அவர் மேசையில் இருந்த இரண்டு கோப்பைகளை வைத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இரண்டிலும் ஒரே கோப்பிதான் என்றால், ஏன் இரண்டு கோப்பை?"

நான் கோப்பைகளை இருந்த இடத்தில் திருப்பி வைத்தேன். அதற்குச் சரியான பதில் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனாலும் அவர், "எழுதுகிறேன். விடுமுறைக்குப் பிறகு" என்றார்.

அவருடைய விடுமுறை என்பது வட கடலில் ஒரு தீவு. தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கிளினிக்கைப் பூட்டி அறிவித்தல் ஒட்டினோம். அமெரிக்காவிலோ முந்தி விண்ணப்பிப்பவர்களைத்தான் முந்திக் கூப்பிடுவார்கள். என்னோடு படித்தவர்கள் எல்லாவற்றையும் அனுப்பி முடித்துவிட்டு எனக்குக் கடற்கரைப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார். கடிதத்தை எழுதுகிறவரே நேரடியாக இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அதற்கான இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. "வந்ததா?" என்று கேட்டேன்.

"வந்தது. அழித்துவிட்டேன்."

"ஏன்?"

அவர் சுவரைக் காட்டினார். தெரியாத இணைப்புகளை அமத்தாதீர்கள் என்று அங்கே ஒரு சுவரொட்டி இருந்தது. எல்லாரையும் தரவுப் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அதை ஒட்டியதும் அவர்தான்.

"டொக்டர், அது கல்லூரியிலிருந்து வந்தது."

"கள்ளர்களும் அப்படித்தான் சொல்வார்கள். கல்லூரியின் ஃபேக்ஸ் இலக்கத்தைத் தாருங்கள். இன்றைக்கே அனுப்புகிறேன்."

"அவர்களிடம் ஃபேக்ஸ் இல்லை."

"ஃபேக்ஸ் இல்லாத மருத்துவக் கல்லூரியா?" என்றார் டொக்டர். வரவேற்பு மேசையிலிருந்து செம்புத் தலை மெதுவாக ஆடியது. அந்தக் கல்லூரியில் அவர்கள் இருவருக்கும் இருந்த மிச்ச நம்பிக்கையும் அன்றோடு போனது. நான் இரண்டாவது தடவை அனுப்பச் செய்த இணைப்பை டொக்டர் இன்னும் வேகமாக அழித்தார்.

வீட்டில் அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சிபாரிசு என்பது அவரைப் பொறுத்தவரை, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, கையில் ஏதாவது கொண்டு, நேரில் போய்க் கேட்க வேண்டிய விஷயம். எனக்குச் சொல்லாமலேயே கோயில் தலைவரிடம் போய் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தார். நான் ஒழுக்கத்தின் இருப்பிடம் என்றும், சிறு வயதிலேயே பாற்குடம் எடுத்தவள் என்றும், அமெரிக்க மக்களின் சகல பிணிகளையும் தீர்ப்பேன் என்றும் அதில் எழுதியிருந்தது.

"இதை அங்க எடுக்க மாட்டினம் அப்பா."

"சீல் எவ்வளவு வடிவா விழுந்திருக்கு, பார்."

"ஏலாது அப்பா."

"அப்ப நான் வந்து அந்த டொக்டரோட கதைக்கிறன்."

"தயவுசெய்து வேண்டாம்."

அடுத்த கிழமை ஒரு காலை, நான் இரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது செம்புத் தலை என்னைக் கூப்பிட்டது. "உங்கள் அப்பா வந்திருக்கிறார். டெர்மின் எடுத்திருக்கிறார். ஜெர்மன் தெரியாதாம். மொழிபெயர்ப்புக்கு நீங்கள் வேண்டுமாம்." அந்தப் பெண்மணியின் வாய்க்குள் ஏற்கெனவே அம்மா பொரித்த ரோல்ஸ் ஒன்றில் பாதி இருந்தது. மேசையில் அப்பா கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டி திறந்திருந்தது.

அப்பா கிட்டத்தட்ட முப்பது வருடமாக ஒரு கிடங்கில் பொதி தூக்கும் வண்டி ஓட்டுகிறார். வாகனம் நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத ஜெர்மனில் சண்டை பிடிப்பார். அந்த டெர்மினையும் அவரே தொலைபேசியில் ஜெர்மனில்தான் எடுத்திருந்தார்.

அறைக்குள் அப்பா கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேர்ட்.

"என்ன பிரச்சினை?" என்று டொக்டர் கேட்டார்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள் இஞ்ச?" என்று நான் தமிழில் மொழிபெயர்த்தேன்.

"நாரி நோகுது எண்டு சொல்லு."

சொன்னேன்.

"எப்போதிலிருந்து?"

"பிள்ளை அந்தக் கடிதத்துக்குக் காவல் இருக்கத் தொடங்கின நாளில இருந்து எண்டு சொல்லு."

"கொஞ்ச நாளாக" என்றேன்.

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அவர் அதைவிட நீளமாகச் சொன்னார். சரி, முன்னால் குனியச் சொல்லுங்கள்."

நான் வாயைத் திறக்குமுன் அப்பா எழுந்து குனிந்தார். இரண்டு உள்ளங்கையும் நிலத்தில் படிந்தன. முழங்கால்கூட மடியவில்லை. அப்போதுதான் தான் செய்த பிழைகள் இரண்டும் அவருக்கு ஒன்றாக உறைத்திருக்க வேண்டும். அப்படியே குனிந்தபடி நின்றார்.

"இப்ப ஐயோ எண்டு கத்தட்டோ?" என்று கீழேயிருந்து மெல்லக் கேட்டார்.

"என்ன சொல்கிறார்?"

"நோகிறதாம்."

"நிமிரலாம்" என்றார் டொக்டர். அப்பா இதற்கும் மொழிபெயர்ப்பு இல்லாமலேயே நிமிர்ந்தார்.

"அவவிட்டச் சொல்லு பிள்ளை. என்ர மகள் பொய் சொல்ல மாட்டா, வேலைக்குப் பிந்த மாட்டா, சின்னனிலயே காயம் பட்ட புறாவைத் தூக்கிக்கொண்டு வந்து…"

"என்னைப் பற்றி நானே எப்பிடி அப்பா சொல்லுறது? என்னால ஏலாது!"

"மொழிபெயர்ப்பாளர் நோயாளியோடு சண்டை பிடிக்கக்கூடாது" என்றார் டொக்டர்.

அப்பா பொறுமையிழந்தார். டொக்டரின் பக்கம் திரும்பி, அழகான ஜெர்மனில் சொன்னார்: "டொக்டர், இவளுக்கு வெட்கம். நானே சொல்கிறேன். அந்த மின்னஞ்சல் கள்ளர்கள் அனுப்பியது இல்லை, கல்லூரி அனுப்பியது. தயவுசெய்து அமத்துங்கள். உங்கள் கணினிக்கு ஏதாவது நடந்தால் நானே வந்து திருத்தித் தருகிறேன்."

"உங்களுக்குக் கணினி திருத்தத் தெரியுமா?"

"தெரியாது."

டொக்டர் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே, வந்ததற்கு இதையாவது பார்ப்போம் என்று அப்பாவின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினார். அளந்தார். சிரிப்பு நின்றது. மற்றக் கையிலும் அளந்தார்.

"உங்கள் முதுகு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் இது நன்றாக இல்லை. தலை சுற்றுவதில்லையா?"

"சில நேரம்" என்றார் அப்பா, சின்னக் குரலில். அம்மாவுக்கும் எனக்கும் அதை அவர் சொன்னதேயில்லை. இல்லாத நோயோடு வந்த அப்பா, இருக்கிற நோயோடு திரும்பிப் போனார். மருந்து எழுதினார்கள். கிழமைக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். அன்று வீட்டில் அவர், ரோல்ஸ் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர மறந்ததற்காக அம்மாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கிளினிக் பூட்டும் நேரம், டொக்டர் வீட்டிலிருந்து தன் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்தார். நோயாளிகளின் விபரங்கள் இருக்கும் கணினிகளிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், சமையலறை மேசையில், வெடிக்கக்கூடிய பொருளை வைப்பதுபோல வைத்தார். நான் மூன்றாவது தடவை அனுப்பச் செய்த இணைப்பை அமத்தினார். ஒன்றும் வெடிக்கவில்லை.

திரையை வாசித்தவரின் நெற்றி சுருங்கியது. "இதை நீங்கள் வாசிக்கக்கூடாது என்று போட்டிருக்கிறது."

"ஓம். நான் அந்த உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான்."

"ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் நான் எதுவும் சொல்வதில்லை" என்றவர், கடிதம் எழுதியிருந்த தாளை எடுத்து உரத்து வாசிக்கத் தொடங்கினார். நான் எழுந்து ஓடினேன். பின்பக்க முற்றத்தில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே தூறலில் நின்றேன். அவர் யன்னலைத் திறந்துகொண்டு தொடர்ந்து வாசித்தார். காதைப் பொத்திக்கொண்டு வாய்க்கு வந்த பாட்டைப் பாடினேன். மூச்சு விட நிறுத்திய இடத்தில் ஒரு வசனம் மட்டும் உள்ளே புகுந்துவிட்டது:

"குறை சொல்ல எதுவும் இல்லை."

யன்னலைச் சாத்தியது செம்புத் தலைதான்.

அமெரிக்காவில் சிபாரிசுக் கடிதம் என்றால் என் வாழ்நாளில் கண்ட மாணவர்களில் தலைசிறந்தவர் என்று தொடங்க வேண்டும். குறை சொல்ல எதுவும் இல்லை என்பது ஹோட்டல் அறையைப் பற்றிச் சொல்வது. திங்கட்கிழமை வரவேற்பு மேசையில் போய் முறையிட்டேன்.

"அப்படியா சொன்னார்?" என்று அவர் கதிரையைத் திருப்பினார். "இந்தக் கிளினிக் திறந்த நாளிலிருந்து நான் இங்கே இருக்கிறேன். என்னைப் பற்றி இன்னும் சொல்லவில்லை."

குளிர் தொடங்கியபோது ஒரு கல்லூரி காணொளியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. கேள்வி கேட்டவர் வயதான மருத்துவர். முடிவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் ஜெர்மன் டொக்டர் அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறார்" என்றார். "நீங்கள் சப்பாத்துப் போட்டுவிட்ட அந்தக் கிழவர் இப்போது எப்படி இருக்கிறார்?"

ஒரு கணம் எனக்கு ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. குனிய முடியாத ஒரு முதியவர். பரிசோதனை முடிந்ததும் நான் நிலத்தில் உட்கார்ந்து அவருக்குச் சப்பாத்து மாட்டிவிடுவேன். ஒருநாள் சப்பாத்துக்குள் கால் போகவில்லை. கணுக்காலை விரலால் அமத்தினேன். குழி அப்படியே நின்றது. ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். அன்றே அவரை இருதயப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு டொக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மாதக்கணக்காக அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"நன்றாக இருக்கிறார்" என்றேன். "பெரிய அளவில் சப்பாத்து வாங்கியிருக்கிறார்."

"மற்றக் கடிதங்களில் எல்லாரும் உலகத்தை மாற்றுகிறார்கள்" என்றார் அவர். "எனக்கு வாசித்துக் களைத்துவிட்டது."

அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான் விண்ணப்பித்த மற்றக் கல்லூரிகளில் இரண்டு இடமில்லை என்று எழுதின. ஒன்று பதிலே போடவில்லை. இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் டொக்டரிடம் செய்தியைச் சொன்னேன்.

"நல்லது" என்றார். "கடைசி வேலை நாள் எப்போது? வேறு ஆள் தேட வேண்டும்."

செம்புத் தலை எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து, மூச்சு முட்டும்வரை விடவில்லை. அப்பாவுக்குச் சொன்னபோது தொலைபேசியை எடுக்காமல் சும்மா கதிரையில் இருந்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போய் நெடுநேரம் கழித்து வந்தார்.

கடைசி நாளும் வெள்ளிக்கிழமைதான். மத்தியானத்தோடு வேலை முடிந்தது. டொக்டர் வாசல்வரை வந்து கையைக் குலுக்கி, "நன்றாகப் படியுங்கள்" என்றார். சைக்கிளில் ஏறி வீதி முனைவரை போனவர் திரும்பி வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் இரண்டடி முன்னால் போனேன்.

"மருந்துக் குளிர்சாதனப் பெட்டியின் சாவி எங்கே?"

என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுத்துவிட்டு ட்ராமைப் பிடிக்க ஓடினேன்.