கம்பவுண்டர் வீட்டுக் கத்தரிச்செடி

குற்றாலிங்கம் அண்ணாச்சி தென்காசி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தராசில் ஒரு குன்றிமணி எடை கூடினாலும் விடமாட்டார், மறுபடி முதலிலிருந்து நிறுப்பார். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற மனிதர் இத்தனை சுத்தமாக இருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அடுத்த வீட்டுக்காரன் என்பதால் அந்தச் சுத்தத்தைத் தினமும் பார்க்க வேண்டிய தலையெழுத்து வேறு.

இப்படிப்பட்டவர் மனை வாங்கும்போது மட்டும் ஏமாந்தார். குத்துக்கல்வலசையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது, புறவாசல் முழுக்க ஒரே பாறை. கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கும். அவர் மனைவி கல்யாணசுந்தரி, எனக்கு மதினி முறை, கீழப்பாவூரில் தோப்பும் வயலுமாக வளர்ந்தவர். கறிவேப்பிலைக் கன்று மூன்று தடவை வைத்துப் பார்த்தார், மூன்றும் கருகிப்போயின. ஒரே மகளையும் மதுரையில் கட்டிக்கொடுத்தபின் மதினிக்கு அந்த வீட்டில் இருப்பே கொள்ளவில்லை.

மதினியின் அண்ணன் நயினார் வாரம் ஒருமுறை ஊரிலிருந்து சாக்கு நிறையக் காய் கொண்டுவருவார். கூடவே ஒரு குத்தல் பேச்சும் வரும்.

"பாறையில குடியிருக்கதுக்கு நீரு என்ன பல்லியாவே மாப்ள? இதை வித்துட்டு வாரும். ஊர்ல நம்ம மேல வீடு சும்மாதான பூட்டிக் கெடக்கு."

மைத்துனர் வீட்டில் போய் ஒண்டுவது என்றால் அண்ணாச்சிக்கு உயிர் போகும். இத்தனை நாளும் சிரித்து மழுப்பிவந்தார். எண்பத்திமூன்றாம் வருஷம் ஆனி மாதம் அந்தப் பேச்சு மறுபடி வந்தபோது மதினி, "அண்ணன் சொல்லுததுல என்ன தப்பு? போயிருவமே" என்றார். அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. அந்தப் பதற்றத்தில்தான் வாயை விட்டார்.

"இந்தப் புறவாசல்லயே காய் காய்க்கும் மச்சான்."

நயினார் விடுவாரா? "சரிவே. கார்த்திகை கடைசி ஞாயித்துக்கெழம வருதேன், அதுவரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இங்கன பறிச்ச காயில ஒரு நேரக் குழம்பு வச்சுக் காட்டும், பெறவு நான் வாயத் தொறக்கல. இல்லைன்னா தையில வண்டி கொண்டாருதேன், சாமானை ஏத்தும்" என்றார். மதினியும் தலையாட்டினார்.

அண்ணாச்சி வெறும் வாயால் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் குற்றாலத்தில் சீசன் கண்காட்சி. அதில் விவசாயக் கல்லூரி மாணவர்கள் மண்ணே இல்லாமல், வெறும் சல்லிக்கல்லில் உர உப்பு கரைத்த தண்ணீர் ஊற்றித் தக்காளி வளர்த்து வைத்திருந்தார்கள். இவர் கடை கட்டும்வரை நின்று கேள்வி கேட்டு அவர்கள் உயிரை வாங்கியிருக்கிறார். தாங்க முடியாமல் சைக்ளோஸ்டைல் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எந்த உப்பு எத்தனை கிராம் என்று அதில் பட்டியல் இருந்தது. நிறுக்கத் தெரிந்தவருக்கு வேறென்ன வேண்டும்?

மாட்டுத் தொட்டி இரண்டு வாங்கினார். அடியில் துளை போட்டுக் கார்க் அடைத்தார். சல்லியைக் கழுவி நிரப்பிக் கத்தரி நாற்று நட்டார். காலையில் உப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும், மாலையில் கார்க்கைப் பிடுங்கி வாளியில் வடிக்க வேண்டும், மறுநாள் அதையே திரும்ப ஊற்ற வேண்டும். உப்புகளில் ஒன்று பேதிக்குக் கொடுப்பது. அதைப் பார்த்த மதினி, "செடிக்கு வயித்தால போகவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாம் சரியாகச் செய்தவர் தண்ணீரில் கோட்டைவிட்டார். அருவித் தண்ணீர் என்றால் மூலிகைத் தண்ணீர், அதற்கு மேல் ஒன்று கிடையாது என்பது எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. தெருக்குழாய்த் தண்ணீர் எதற்கு என்று தினமும் விடிகாலையில் சைக்கிளில் குற்றாலம் போய், குளித்துவிட்டு, இரண்டு டின்னில் பிடித்துவந்தார். சாரலில் நனைந்துகொண்டு டின் தளும்ப அவர் மிதித்து வருவதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்குக் கணக்கில்லை. பத்தே நாளில் நாற்றுகள் துவண்டன. உப்பைக் குறைத்தார், கூட்டினார், மறுபடி நிறுத்தார். ஒரு தொட்டி முழுக்கச் செத்தது.

கடைசியில் மதினிதான் வந்து ஒரு சல்லியை எடுத்தார். விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார்.

"ஏங்க, எங்கன தண்ணி பிடிக்கிய?"

"அருவியிலதான். டின்னோட கிட்ட நெருங்க முடியல, அம்புட்டுக் கூட்டம். கொஞ்சம் கீழ, ஓடுத தண்ணியில பிடிக்கேன்."

"நல்லெண்ண வாடையில்லா அடிக்கி!"

அண்ணாச்சி திகைத்துப்போனார். சீசனில் வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பார்கள். அத்தனை பேர் உடம்பு எண்ணெயும் அரப்பும் வழிந்தோடுகிற இடத்தில் டின்னைப் பிடித்திருக்கிறார் மகானுபாவர். வேரெல்லாம் எண்ணெய் பூசி மூச்சுமுட்டிக் கிடந்தது. மதினி சிரிக்க ஆரம்பித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு அவரே முந்தானையைச் செருகிக்கொண்டு சல்லி முழுவதையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர், புது நாற்று. குழாயில் ஒருநாள் வரும், மறுநாள் வராது என்பதால் மூலையில் சிமெண்டுத் தொட்டி கட்டித் தண்ணீர் சேர்த்தார்கள். அதில் கொசு மொய்த்தது. நான்தான் சண்டைக்குப் போனேன். கொசுப்புழுவை மீன் தின்னும் என்பது ஆஸ்பத்திரிக்காரருக்குத் தெரியாதா? குளத்தில் வலை போடுபவரிடம் சொல்லிவைத்துப் பதினோரு கெண்டைக் குஞ்சுகளை வாங்கிவந்து விட்டார். கொசு போனது, மீன் கழிவில் தண்ணீர் பச்சை பிடித்து நாற ஆரம்பித்தது.

"தெருவுல வரிசையில நின்னு கொடம் கொடமாச் சொமந்த தண்ணி. கீழ கொட்ட எனக்கு மனசு வராது" என்று மதினி அந்த மீன் தண்ணீரை மொண்டு ஒரு தொட்டிச் செடிகளுக்கு ஊற்றினார். சல்லி வழியாக வடிந்த தண்ணீர் தெளிந்திருந்தது. அதைத் திரும்ப மீனுக்கே ஊற்றினார். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். தாளில் அப்படி எதுவும் இல்லையாம். ஆனால் மூன்றே வாரத்தில் மதினியின் செடிகள் கருகருவென்று அகல இலை விட்டன. கம்பவுண்டர் நிறுத்து நிறுத்து ஊற்றிய தொட்டி, வெளுத்துப்போன முகத்தோடு பக்கத்தில் நின்றது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டே திரிந்தவர், மூன்றாம் நாள் தன் தொட்டிக்கும் மீன் தண்ணீர் கேட்டார்.

"வரிசையில நில்லுங்க" என்றார் மதினி.

அதன்பின் ஆஸ்பத்திரி விட்டு வந்ததும் இரண்டு பேரும் புறவாசலில்தான். பேசிக்கொண்டே மொள்வார்கள், வடிப்பார்கள், பூவை எண்ணுவார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையில்தான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். டீக்கடையில், "கம்பவுண்டர் வீட்டுக்கு மீன் வருதுவே" என்று சும்மா சிரிப்புக்குச் சொல்லிவைத்தேன். வெங்காயம் பூண்டுக்கே நாள் பார்க்கிற சைவக் குடும்பம் அது. என் சொல் பஸ் ஏறிக் கீழப்பாவூர் போய்விட்டது.

கார்த்திகை கடைசி ஞாயிறு காலை நயினார் முருங்கைக்காய்க் கட்டோடு வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சைவ வீட்டுல மீனாவே? எங்க அப்பா பேரு என்னத்துக்கு ஆகும்?" என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. நான் மதில்சுவரின் இந்தப் பக்கம் பதுங்கிக்கொண்டிருந்தேன்.

மதினி நிதானமாக அவரை மீன் தொட்டிக்குக் கூட்டிப்போனார். "இது வளக்குத மீனு, திங்குத மீனு இல்லண்ணே. பதினோரு எண்ணம் வாங்குனோம். கொறஞ்சிருந்தாக் கேளு."

நயினார் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணினார். ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினார், பதிமூன்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். அதற்குள் அவர் கோபம் பாதி இறங்கிவிட்டது. பதினொன்று சரியாக வந்தபோது குழந்தை மாதிரிச் சிரித்துவிட்டு, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். காய் எங்கவே?"

அண்ணாச்சியின் தொட்டியில் இலைதான் இருந்தது. மதினியின் தொட்டியில் ஐந்து கத்தரிக்காய். ஐப்பசி மழையில் பூவெல்லாம் கொட்டியது போக நின்றவை. நயினார் உதட்டைப் பிதுக்கினார்.

"இது தொட்டுக்கிடக்கூடக் காணாது. நாம மூணு பேரு. ஒரு நேரக் குழம்புன்னுல்லா பேச்சு?"

அண்ணாச்சி துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். தோற்றுவிட்டோம் என்றே நினைத்துவிட்டார். மதினி ஐந்து காயையும் பறித்து மடியில் போட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

மத்தியானம், என் ஜன்னலுக்கு நேரே தெரிகிற அவர்கள் கூடத்தில் மூன்று இலை விழுந்தது. அண்ணாச்சி இலையில் மதினி கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினார், தன் இலையிலும் ஊற்றிக்கொண்டார். சட்டி காலியானது. நயினார் இலைக்கு வேறொரு சட்டி வந்தது.

"எனக்கு என்னட்டி இது?"

"நீ கொண்டாந்த முருங்கக்காய்ல வச்ச குழம்பு. நீ விருந்தாளி. இந்த வீட்டுல குடியிருக்கது நாங்க ரெண்டு பேருதான், எங்க ரெண்டு பேருக்கு இது ஒரு நேரக் குழம்பு. தையில வண்டியெல்லாம் வேண்டாம்ண்ணே."

நயினார் தங்கையைப் பார்த்தார், பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். அண்ணாச்சிக்குத்தான் சோறு இறங்கவில்லை. கண்ணைத் துடைப்பது தெரியக்கூடாது என்று துண்டால் முகம் முழுவதையும் துடைத்தார்.

"பெசஞ்சு சாப்பிடுங்க. சாயந்திரம் ரெண்டு தொட்டிக்கும் தண்ணி மாத்தணும்" என்றார் மதினி.