அஸர் நேரத்து அளவு

இரண்டு ரமழான் என் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள், நோன்பு பிடிக்கவில்லை. சீனி வருத்தம் முற்றி இன்சுலின் ஊசிக்கு வந்த பிறகு, கூடவே கூடாது என்று கிளினிக் டொக்டர் சொல்லிவிட்டார். கல்முனைக்குடியே நோன்போடு இருக்கும் பகலில் அவள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டி மூடிச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் சாப்பிடுவாள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

“எனக்குத் தெரியும் புள்ள. ஆனா களவெடுத்துத் தின்னுற மாதிரி இரிக்கி. தொண்டையால இறங்குதில்ல” என்பாள்.

மூன்றாவது ரமழானுக்கு இரண்டு மாதம் இருக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “நீ பெரிய படிப்புப் படிச்சவள்தானே. எனக்கொரு வழி பாரன்.”

படித்தது உண்மைதான். இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை, அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு அறிந்துகொள்வது எப்படி என்பதைத்தான் நான் கல்லூரியில் படிப்பிக்கிறேன். ஒரு மோட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. எவ்வளவு மின்சாரம் உள்ளே போனது, அது எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்று நேரத்தோடு குறித்துக்கொண்டால் போதும். இரண்டையும் இணைக்கும் சமன்பாட்டைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பின், மோட்டர் அடுத்து என்ன செய்யும் என்பதை அது செய்யும் முன்பே சொல்லலாம். மனித உடம்புக்கும் இதைச் செய்கிறார்கள். இன்சுலினும் சாப்பாடும் உள்ளே போகின்றன, இரத்தத்துச் சீனி ஏறி இறங்குகிறது. ராத்தாவுக்குச் செய்தால் என்ன என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

டொக்டரிடம் போய்க் கதைத்தேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார். ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் ஊசியைக் குறைத்து, விட்டு விட்டு ஒன்பது நோன்பு பிடித்துப் பார்ப்பதென்று முடிவானது. நான் கோடு போட்டு ஒரு தாள் செய்து கொடுத்தேன். விடியுமுன் ஸஹர் சாப்பிட்ட பின், பின்னேரம் அஸர் தொழுகை நேரம், படுக்கப் போகும்போது என்று மூன்று கட்டம். மூன்று நேரமும் விரலில் குத்தி, மெஷின் காட்டும் எண்ணை எழுத வேண்டும். அஸர் கட்டம்தான் உயிர். காலையில் போட்ட ஊசி வேலை செய்துகொண்டிருக்க, வயிறு காலியாக இருக்கும் நேரம் அது. சீனி அடியோடு இறங்குவதென்றால் அப்போதுதான் இறங்கும்.

ராத்தா ஒரு கட்டமும் விடாமல், முத்து முத்தான எழுத்தில் நிரப்பித் தந்தாள். முதல் ஆறு நோன்பின் அளவுகளை வைத்துச் சமன்பாட்டை எடுத்தேன். மிச்சம் மூன்றை வைத்துச் சரிபார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது. ஒன்று மட்டும் இடித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காதவளுக்கு அஸரில் சீனி ஏறி நிற்கிறது. எப்படி ஏறும்? கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து விடுகிறதாக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லி, சமன்பாட்டில் அதற்கும் ஒரு எண்ணைச் சேர்த்தேன். சேர்த்துவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

அஸர் நேரத்தில் கோடு நல்ல உயரத்தில் நிற்கும் அந்த வரைபடத்தை ராத்தாவிடமும் ஒன்று கொடுத்தேன், டொக்டரிடமும் காட்டினேன். “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே” என்றார் அவர். நான்தான் விடவில்லை. வாதாடி அனுமதி வாங்கினேன். அன்றைக்கு ராத்தா அழுதாள். முதல் நோன்புக்குக் கஞ்சி காய்ச்சி அந்த ஒழுங்கையில் வீடு வீடாகக் கொடுத்தனுப்பினாள்.

பதினோராம் நோன்பு அன்று பின்னேரம் அவள் மகள் எனக்குப் போன் எடுத்தாள். “சாச்சி, உம்மா தொழுகப் பாயில சரிஞ்சி கிடக்கா. கூப்பிட்டா பேசுறால்ல.”

யா அல்லாஹ்! இரண்டு ஒழுங்கை தாண்டி ஓடினேன். உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலில் குத்திப் பார்த்த தாதி, சீனி அடியோடு இறங்கிவிட்டதென்று டொக்டரைக் கூப்பிட ஓடினாள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

வாசலில் காத்திருக்கும்போது, பழைய அளவுகள் இருந்தால் தரச்சொல்லி உள்ளேயிருந்து கேட்டார்கள். மகள் அவசரத்தில் மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குத்தும் ஒவ்வொரு தரமும் எண்ணோடு நேரத்தையும் அது பதிந்து வைத்திருக்கும். நான் ஒரு நாளாவது அதன் பொத்தானை அமத்திப் பார்த்ததில்லை. தாள் அவ்வளவு துப்புரவாக இருந்ததே, எதற்குப் பார்க்க வேண்டும்? இப்போது அமத்தினேன். ஷஃபானின் ஒன்பது நோன்பிலும், இந்த ரமழானில் முடிந்த பத்து நோன்பிலும் அஸர் நேரத்தில் ஒரு பதிவுகூட இல்லை. அஸர் கட்டத்தில் அவள் எழுதிய எண்களெல்லாம் ஆறே முக்காலில் இருந்தன. நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் வயிற்றுக்குள் போன பிறகு எடுத்தவை. நான் கல்லீரல் என்று கண்டுபிடித்தது கஞ்சி.

ஒன்பது நாளும் ஒரே மாதிரிப் பிழையாக இருந்ததால்தான் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கிறது. சரிபார்க்க வைத்த மூன்று நாளும் அதே பிழைதான். பிழையை வைத்துப் பிழையைச் சரிபார்த்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ராத்தா கண் விழிக்கப் பொழுதுபட்டு மஃரிப் ஆகிவிட்டது. கையில் ஏறும் குழாயைப் பார்த்தாள்.

“நோன்பு முறிஞ்சிற்றா?”

“ஓம் ராத்தா.”

கண்ணை மூடிக்கொண்டாள். இனி அவள் வாழ்நாளில் நோன்பு இல்லை என்று டொக்டர் என்னிடம் சொல்லியாயிற்று. நான் அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“அஸருக்குக் குத்தச் சொன்னா ஏன் ராத்தா குத்தல்ல?”

“நோன்போட எப்பிடிகா ரத்தம் எடுக்கிற? முறிஞ்சி போயிருமே.”

“முறியாது. மவுலவிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“பயமா இரிந்திச்சி. கட்டம் வெறுமையா இரிந்தா நீ நோன்பு பிடிக்க உடமாட்டாய் எண்டு நினைச்சன். ஒரே உடம்பு, ஒரே ரத்தந்தானே, கொஞ்சம் பிந்தி எடுத்தா என்ன எண்டு…”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளே மெல்லச் சொன்னாள்.

“இண்டைக்கு மத்தியானம் லுஹருக்குப் பிறகே கை நடுங்கிச்சி. கண் இருட்டிக்கிட்டு வந்திச்சி. ஒரு பேரீச்சம்பழத்தக் கையில எடுத்திட்டன். பிறகு உன்ட கோட்டுப் படத்தப் போய்ப் பார்த்தன். அஸருக்குக் கோடு மேலதானே நிக்கிது. நீ அவ்வளவு படிச்சிக் கணக்குப் பார்த்துத் தந்த. அப்ப இது வெறும் களைப்புத்தான் எண்டு பழத்தத் திருப்பி வெச்சிட்டன்.”

தான் எழுதிக் கொடுத்த எண்கள் எப்படி வந்தவை என்று அவளுக்குத் தெரியும். என் கோட்டில் ஏறிய பிறகு அவற்றை அவளே நம்பியிருக்கிறாள், தன் கை நடுங்குவதை நம்பாமல்.

அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷஃபானில் ஒன்பது நாள் அந்தக் கை அஸர் நேரத்தில் நடுங்கியிருக்கும். இரண்டு ஒழுங்கை தள்ளி நான் கணினிக்கு முன்னால் இருந்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த நேரத்தில் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் விரலில் குத்தும் ஊசியே தேவைப்பட்டிருக்காது.