பேஸ் வாசித்தவர் விலகிய வருடம்

இன்னொருவர் விட்டுப்போன இடத்துக்குத்தான் நான் அந்த இசைக்குழுவில் சேர்ந்தேன். எனக்கு முன் வயலின் வாசித்தவர் ஒரு பாட்டின் வேகம் பற்றி வாக்குவாதப்பட்டு, வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனவர், திரும்பி வரவேயில்லை. வாக்குவாதம் குழுவைத் தொடங்கியவரோடு. அவர் அறுபதைக் கடந்த வெள்ளைக்காரர். கதிரை மேசை செய்யும் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார். அவருடைய மனைவி கித்தார் வாசித்துக்கொண்டே பாடுவார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் பேஸ் வாசித்தவர்; தம்பி என்றுதான் நான் கூப்பிடுவேன். சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார். படகில் வந்து தற்காலிக விசாவில் இருந்தவர். மகள் தவழத் தொடங்குமுன் கிளிநொச்சியில் மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஊரில் கோயில் திருவிழாக்களுக்குப் போகும் ஒரு இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்த பழக்கம் இருந்தது. அவருக்குத் தொழிற்சாலையில் வேலை கொடுத்து, அங்கே அதைத் தெரிந்துகொண்ட பாஞ்சோக்காரர், தன்னுடைய ஆளுயரப் பெரிய பேஸை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேலியோரம் நின்று கேட்டார்.

"அக்கா, வயலின் வாசிக்கிறது நீங்களோ?"

"ஓம். ஏன், சத்தம் கூடப்போச்சே?"

"இல்லையக்கா. எங்கட பாண்டில வயலினுக்கு ஆள் இல்லை. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

அவர்கள் வாசிப்பது புளூகிராஸ்; அந்தச் சொல்லையே அன்றுதான் கேட்டேன். அமெரிக்காவின் மலைப்பக்கத்துச் சனங்களிடமிருந்து வந்த இசை. எல்லாம் தந்தி வாத்தியங்கள்; மேளம் கிடையாது. அதனால் தாளம் முழுவதும் பேஸ்காரரின் விரலில் நிற்கும். அவர் பிசகினால் எல்லோரும் பிசகுவார்கள்.

நான் சிறுவயதில் நிலத்தில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கப் பழகியவள். இங்கே நின்றுகொண்டு தாடைக்குக் கீழ் பிடிக்க வேண்டும். முதல் ஆறு மாதமும் கழுத்து வலியோடுதான் வேலைக்குப் போனேன். ஐந்து பேருக்கும் ஒரே ஒரு மைக். தன் முறை வரும்போது முன்னால் போய் வாசித்துவிட்டு, அடுத்தவருக்கு வழி விட்டுப் பின்னால் வர வேண்டும். நான் இரண்டு தரம் வில்லால் மாண்டலின்காரரின் காதில் இடித்திருக்கிறேன்.

மாண்டலின்காரர் கெல்லிவில்லில் இருந்து வருவார். தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. கர்நாடக முறையில் படித்த கை என்பதால் கமகம் தானாக வந்து விழும். பாஞ்சோக்காரர் முகத்தைச் சுளித்தால் உடனே நிறுத்திக்கொள்வார். நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நாள் பாஞ்சோக்காரரின் கராஜில் பயிற்சி முடிந்து பெட்டியை மூடும்போது சொன்னார்.

"என்னை மெல்பர்னுக்கு மாத்திட்டாங்கக்கா. கிரான்பர்ன்ல வீடு பாத்தாச்சு. அடுத்த மாசம் கிளம்புறோம்."

"அவரிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். சரின்னாரு. அவ்ளோதான்."

அடுத்த கிழமையே அவர் நின்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மாண்டலினோடு நின்றாள். பிரியாவிடை எதுவும் இல்லை. பாஞ்சோக்காரருக்கு அது பிடிக்காது. போகிறவர் போக, வருகிறவர் அந்த இடத்தில் நின்று வாசித்தால் போதும் என்பது அவர் கணக்கு. வேகம் ஒன்றில்தான் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் வார்டில் தாதி. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் அதனால்தான். அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு நாள், தேநீர் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்த பிறகு, பாஞ்சோக்காரருடைய வலது பெருவிரல் தானாக ஆடுவதைக் கண்டேன். பாஞ்சோவைத் தொட்டதும் நின்றுவிட்டது. அடுத்த கிழமை பாட்டு வரிசையை எழுதித் தந்தார். எழுத்துகள் வரியின் முடிவுக்குப் போகப் போகச் சிறுத்திருந்தன. கார் வரை நடந்தபோது இடது கை வீசியது; வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இந்த மூன்றையும் நான் நூறு நோயாளிகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கின்சன் நோய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நான் சொல்லவில்லை. வைத்தியர் சொல்ல வேண்டியதைத் தாதி சொல்லக்கூடாது என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அது பாதி உண்மை. இந்தக் குழு இல்லாவிட்டால் எனக்கு வேலையும் வீடும் தவிர வேறொன்றும் இல்லை என்பதுதான் மற்றப் பாதி. அவருடைய மனைவி ஒரு நாள் சமையலறையில் வைத்துக் கேட்டார்.

"அவருடைய விரல்களில் ஏதோ சரியில்லை. வயது என்கிறார். நீ என்ன நினைக்கிறாய்?"

"ஒருமுறை டொக்டரிடம் காட்டினால் நல்லது" என்றேன். மிகச் சாதாரணமாக, சளிக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

வசந்தத்தில் சிட்னிக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இசை விழா. பட்டப்பகல், புல்வெளியில் சனங்கள் மடக்குக் கதிரைகளோடு இருந்தார்கள். மூன்றாவது பாட்டு மிக வேகமானது. பாஞ்சோதான் அதை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். பாதியில் அவருடைய விரல்கள் பின்தங்கின. ஒரு சுரம் விடுபட்டது, பிறகு இரண்டு. அப்போது என் முதுகுக்குப் பின்னால் பேஸ் தளர்வதை உணர்ந்தேன். தம்பி வேகத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். நாங்களும் அவரோடு இறங்கினோம். பாஞ்சோக்காரரின் கைகள் மறுபடி தாளத்துக்குள் வந்து நின்றன. பாட்டு முடிந்தது. சனங்கள் கை தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் கூடாரத்தில் பாஞ்சோக்காரர் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"நீ வேகத்தைக் குறைத்தாய்" என்றார் தம்பியிடம்.

தம்பி அவரைப் பார்த்தார். பிறகு, "ஓம் பொஸ். என்ர பிழைதான். சொறி" என்றார். பதற்றத்தில் பாதி தமிழில் சொல்லிவிட்டு, மறுபடி ஆங்கிலத்தில் சொன்னார்.

"எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். தாளத்தைப் பிடிக்கத் தெரியாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இனி நீ வரவேண்டாம்."

அவருடைய மனைவி கித்தாரின் தந்தியைத் துடைத்துக்கொண்டே குனிந்து நின்றார். மாண்டலின் வாசித்த ஆசிரியை வெளியே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். "உங்கள் கைதான்" என்ற இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லும் என் வாயில் வரவில்லை. தம்பி பேஸை உறைக்குள் போட்டு, பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கி, கூடாரத்தின் மூலையில் சாத்திவிட்டு, "போட்டு வாறன் அக்கா" என்றார். வந்தது என்னுடைய காரில் என்பதை அவரும் நானும் மறந்துவிட்டோம். ரயில் நிலையம் வரை நடந்துபோனார்.

ஆறு கிழமை கழித்துத்தான் நான் பாஞ்சோக்காரரின் வீட்டுக்குப் போனேன். புதிய பேஸ்காரர் வந்து இரண்டு பயிற்சி ஆகியிருந்தது. அந்த இரண்டிலும் பாஞ்சோ பின்தங்கியது. புதியவர் ஒரு அடிகூட இறங்கவில்லை. பாட்டு உடைந்து நின்றது. பாஞ்சோக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெளி வராந்தாவில் இருந்துகொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெருவிரல், எழுத்து, வீசாத கை. அவர் கோபப்படவில்லை.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"இலையுதிர் காலத்திலிருந்து."

"அப்படியென்றால் அந்தக் கூடாரத்தில் நின்றபோதும் உனக்குத் தெரியும்."

"ஓம்" என்றேன். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

வைத்தியர் நோயை உறுதி செய்தார். அதற்கடுத்த சனிக்கிழமை பாஞ்சோக்காரர் தம்பியின் அறைக்குத் தனியே போனார். அங்கே என்ன நடந்தது என்று தம்பி சொல்லித்தான் தெரியும். கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு மன்னிப்புக் கேட்டாராம். தம்பி பால் தேநீர் போட்டுக் கொடுத்தாராம். கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை ஆடியபோது, தம்பி அதை வாங்கிப் பாதியைச் சிந்தாமல் வேறு கோப்பைக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வரும்படி கேட்டதற்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"கோவமோ?" என்று நான் கேட்டேன்.

"கோவம் இல்லையக்கா. இனி அங்க நிண்டா அவற்ற கையைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன். வாசிக்கேலாது."

பாஞ்சோக்காரர் இன்னும் ஒரு வருடம் குழுவில் இருந்தார். பாஞ்சோவுக்கு வேறொருவரைத் தானே தேடிப் பிடித்தார். மைக்கின் ஓரத்தில் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடிக்குரல் மட்டும் பாடினார். பிறகு குரலும் தணிந்தது. சில வருடங்கள் கழித்து ஒரு குளிர்காலக் காலையில் நிமோனியாவில் இறந்தார். சவச் சடங்கில் நாங்கள் வாசித்தோம். அவர் மனைவியையும் என்னையும் தவிர மற்ற மூவரும் நான் சேர்ந்த பிறகு வந்தவர்கள். தம்பி கடைசி வரிசையில் சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தார். முடிந்ததும் பாஞ்சோக்காரரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அதற்குள் தம்பிக்கு நிரந்தர விசா வந்திருந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிடப் பின்னும் மாதங்கள் எடுத்தன. அவர்கள் வந்து இறங்கிய பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மகளுக்குப் பதின்மூன்று வயது. தகப்பனுடன் பேசும்போது இன்னும் "அப்பா" என்று கூப்பிடாமல், ஒரு வாத்தியாரோடு பேசுவதுபோலப் பேசினாள். தம்பி அதைக் கவனிக்காததுபோல அவளுக்கு மீன் துண்டுகளை முள் பார்த்துப் போட்டார்.

சாப்பிட்ட பிறகு வெளியில் வாசல்படியில் இருந்தோம். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் அன்று நான் போனேன்.

"தம்பி, அண்டைக்கு அந்தக் கூடாரத்துக்குள்ள, அவருக்கு என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாய் திறக்கேல்லை."

"தெரியுமக்கா."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமெண்டு. பாட்டு நடக்கேக்க நீங்களும் அவற்ற கையைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். நான் பின்னால நிண்டு கண்டனான்."

"பிறகு ஏன் நீர் அவரிட்டச் சொல்லேல்லை?"

அவர் படியில் கிடந்த செருப்பைக் காலால் ஒதுக்கி வைத்தார்.

"அவர் எனக்கு வேலை தந்த மனுசன். நான் சொன்னா, என்னைக் காப்பாத்தச் சொல்லுறன் எண்டு நினைச்சிருப்பார். நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். உள்ளே அவர் மனைவி பாத்திரங்களைக் கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து, அம்மா தேநீருக்குச் சீனி எவ்வளவு போடுவது என்று கேட்கச் சொன்னதாகச் சொன்னாள். ஒரு கரண்டி போதும் என்றேன்.